சாரணியர் முகாமுக்கு எங்கப்பா வந்த விதம்

ஏட்டி, எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. காலையிலேருந்து குரூப்புல ஒரே டிங் டிங்கு. உங்களைப் படிச்சுக்கிட்டே நின்னதுல அடுப்புல வச்ச பாலு பொங்கி மேடையெல்லாம் ஓடிட்டு.

நம்ம பள்ளிக்கூடத்துச் சாரணியர் படைக்குப் புதுசா வந்திருக்க டீச்சர் சின்னப் பொண்ணு. பழைய பிள்ளைகள்னு நம்மளை மதிச்சு ஒரு யோசனை கேட்டுச்சு. "வீட்டு ஆட்களை எப்படிம்மா உள்ள கொண்டு வாறது? ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்கன்னா, லிங்க் அனுப்புங்கன்னு சொல்லுதாங்க"ன்னு. அதுக்கு நீங்க ஆளாளுக்கு அளந்து விடுதீங்க. ஒருத்தி பரிசு குடுக்கச் சொல்லுதா. ஒருத்தி வராதவங்க பேரைப் போர்டுல எழுதச் சொல்லுதா. லாரி ஷெட்டுக்காரர் மக இருக்காளே, அவ எப்பவும்போல ஒரே போடு: "நம்ம காலத்துல எல்லா அப்பா அம்மாவும் தானா வந்தாங்க. அது ஒரு காலம்."

தானாவா வந்தாங்க? அடி கூறுகெட்டவளே. உங்க அப்பா எப்படி வந்தாருன்னு உனக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். எங்கப்பா எப்படி வந்தாருன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நீங்க பதினஞ்சு பேரும் அந்தத் தோப்புலதான் நின்னீங்க, ஆனா நீங்க பாத்தது பாதிதான். மீதியை இத்தனை வருஷமா நான் சொல்லல. இப்போ மூட்டும் தேய்ஞ்சு போச்சு, முடியும் கொட்டிப் போச்சு, இனிமே இதை ஒளிச்சு வச்சு நான் என்ன செய்யப் போறேன்.

நமக்கு வாய்ச்ச டீச்சர் நாகர்கோவில் பக்கத்து ஆளு. ஒல்லியா, உசரமா, கழுத்துல ஒரு விசிலு. யாரைப் பாத்தாலும் "மக்களே"ன்னுதான் கூப்பிடுவாவ. அந்த வேகத்துல நடக்குற பொம்பளையை ரதவீதி அதுக்கு முன்னாடி பாத்திருக்காது. தென்காசிக் கோயில் கோபுரம் அப்போ மொட்டை, இடிஞ்சதை இன்னும் கட்டல. கோயில் வாசல் காத்துல நாமெல்லாம் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம், டீச்சர் மட்டும் குடையை விரிச்சுக்கிட்டு நேரா அந்தக் காத்துக்குள்ள போவாவ. குடை திருப்பிக்கிடும். அதைப் பத்தி ஒரு கவலையும் கிடையாது.

அந்த வருஷம் சாரல் முன்னாலேயே இறங்கிட்டு. குத்தாலத்துல ரெண்டு நாள் தங்கி முகாம் போடணும்னு டீச்சர் ஒத்தக் கால்ல நின்னாவ. முகாம் போட்டாத்தான் நமக்கு ஸ்கார்ப். ஸ்கார்ப் கட்டினாத்தான் நம்மளை ஒரு படைன்னு சாரணியர் மாவட்ட ஆணையரம்மா ஒத்துக்கிடுவாவ. இல்லன்னா விசிலையும் கயித்தையும் கட்டி அலமாரியில வச்சுப் பூட்ட வேண்டியதுதான்.

எந்த வீடு ஒத்துக்கிட்டுது? பொட்டப் பிள்ளைகளை அருவிக்கரையில ராத்தங்க விடுறதாவதுன்னு தென்காசியே திரண்டு நின்னுச்சு. டீச்சர் பதினாறு வீட்டுக்கும் நடந்தாவ. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுல காப்பி குடுத்தாவ, பிள்ளையைக் குடுக்க மாட்டேன்னுட்டாவ. லாரி ஷெட்டுக்காரர் வீட்டுல நடந்ததுதான் வேடிக்கை. சாரணியர் இடது கையாலதான் கை குலுக்கணும்னு டீச்சர் கையை நீட்டிக் காட்ட, அவரு "பீச்சாங்கையா? இதையா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கீக?"ன்னு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டாரு. ஏட்டி, சிரிக்காதே, உங்க அப்பாதான்.

டீச்சர் அசரல. "பிள்ளையளை மட்டும் விட மாட்டாவளா? சரி மக்களே, அப்ப வீட்டையே கூட்டிட்டுப் போவோம்"னுட்டாவ.

அப்படி வந்ததுதான் அந்த லெட்டர். ஸ்டென்சில் வெட்டி, மெஷின்ல உருட்டி எடுத்தது. கையில வாங்குனா மை விரல்ல ஒட்டும், ஒரு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். 'பெற்றோர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிக்கும். ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, ஐந்தருவி போற வழியில ஜவுளிக்கடைக்காரரோட மாந்தோப்புல ஒருநாள் முகாம், குடும்பத்தோட வரணும். பிள்ளைகளே கூட்டாஞ்சோறு ஆக்குவாங்க, பெரியவங்க உக்காந்து சாப்பிடணும். சாப்பாட்டுக்கு முன்னால அப்பாவோ அம்மாவோ அவங்கவங்க பிள்ளைக்கு ஸ்கார்ப் கட்டி விடணும். கடைசியில ஒரு வரி, 'தங்களால் இயன்ற உதவியை நல்கலாம்.'

அந்தக் கடைசி வரியிலதான் எனக்குச் சனி பிடிச்சுது.

எங்கப்பா கல்யாணச் சமையல்காரர்னு உங்களுக்குத் தெரியும். தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, அங்கிட்டு சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் அவரு கரண்டி போகாத கல்யாணம் கிடையாது. நீங்க எத்தனை பேரு உங்க அக்கா கல்யாணத்துல அவரு வச்ச தேங்காய்ப்பால் சொதியை ஊத்தி ஊத்தித் தின்னிருக்கீங்க! ஆனா ஒண்ணு கேக்கேன், எங்கப்பா பந்தியில உக்காந்து யாராவது பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்ல. பந்தலுக்குப் பின்னால ஓலைத் தட்டி மறைப்புல ஆக்குப்புரை. கடைசிப் பந்தி எந்திரிச்சப்புறம், கழுவின அண்டாவைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்து ஒரு கை ரசஞ்சோறு. அவ்வளவுதான் அவரு சாப்பாடு. நானும் அம்மாவும் போனாலும் அங்கனதான். தட்டிக்கு அந்தப் பக்கம் "பாயாசம்! பாயாசம்!"னு சத்தம் கேக்கும். நாங்க இந்தப் பக்கம் விறகு மேல உக்காந்து சாப்பிடுவோம். சாப்பாடு என்னமோ ஒரே அண்டாச் சாப்பாடுதான்.

எனக்கு அதுல வெக்கம். அப்பாவை நினைச்சு இல்ல, அந்த இடத்தை நினைச்சுத்தான்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். அப்பாவை நினைச்சும்தான்.

லெட்டர் குடுத்த அன்னைக்கு லாரி ஷெட்டுக்காரர் மக என் தோள்ல கையைப் போட்டு, "ஏட்டி, எங்கப்பா வேன் விடுதாரு. ஜவுளிக்கடைக்காரர் தோப்பும் ஸ்கார்ப்புத் துணியும் குடுக்காரு. உங்கப்பா சமையலுக்கு வந்துருவாருல்லா? ஜாலிதான்"னா. நல்ல மனசோடதான் சொன்னா. அவளுக்குச் சொதி வேணும், அவ்வளவுதான். ஆனா எனக்குக் கண்ணு முன்னால தெரிஞ்சது வேற. எல்லா அப்பாவும் நாற்காலியில வரிசையா உக்காந்திருப்பாங்க, எங்கப்பா மட்டும் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு புகைக்குள்ள நிப்பாரு. ஸ்கார்ப் கட்ட பேரு கூப்பிடும்போது, "கொஞ்சம் பொறுங்க, சாம்பார் கொதிக்குது"ன்னு குரல் குடுப்பாரு.

அவரு குணம் அப்படி. 'உதவி'ன்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டாப் போதும், கரண்டியைத் தூக்கிடுவாரு. அதனால லெட்டரை நான் குடுக்கல. மேப் நோட்டு அட்டைக்குள்ள சொருகிட்டேன். முதல் நாளு வாயால சொல்லிக்கிடலாம், "எப்பா, நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க"ன்னு மட்டும். என் பன்னிரண்டு வயசு மூளைக்கு அது பெரிய தந்திரமாத் தெரிஞ்சுது.

அதுக்குள்ள பெற்றோர் கூட்டம்னு ஒண்ணு வச்சுட்டாவ. லெட்டருக்குப் பின்பக்கம் அதுவும் இருந்திருக்கு, நான்தான் திருப்பிப் பாக்காமலே மடிச்சுட்டேனே. பதினஞ்சு வீட்டுல வந்தாங்க, எங்க வீட்டுல மட்டும் யாரும் வரல. டீச்சருக்கு முகம் சுருங்கிட்டு. மனுஷன் கோவமா இருக்காரோ, வெறும் காகிதத்துல கூப்பிட்டது மரியாதைக் குறைவாப் போச்சோன்னு தையல் டீச்சர்கிட்ட கேட்டிருக்காவ. தையல் டீச்சர் நம்ம ஊருக்காரி. "பெரிய மனுசர்களை நேர்ல போயி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறதுதான் இங்க முறை"ன்னு சொல்லிட்டாவ. சொன்னது தப்பில்ல. ஆனா அந்தப் பெரிய மனுசர் கல்யாணச் சமையல்காரர்ங்கிறது அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் தோணல.

புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாவ. ஆடியில கல்யாணம் கிடையாதுல்லா, அப்பா வீட்டுலதான் இருந்தாரு. முன்னறையில உக்காந்து பெரிய சட்டுவக் கரண்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கிட்டிருந்தாரு. டீச்சர் உள்ள வந்து, எவர்சில்வர் தட்டுல வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், மேல ஒத்த ரூபாய் வச்சு, ரெண்டு கையாலயும் நீட்டினாவ.

"ஞாயித்துக்கிழமை எங்க முகாமுக்கு நீங்க கண்டிப்பா வரணும் அண்ணாச்சி. நீங்க இல்லாட்டா அது நிறையாது."

அப்பா சட்டுவத்தைக் கீழே வச்சுட்டு எந்திரிச்சு நின்னாரு. "எத்தனை பேரு டீச்சரம்மா?"

"அறுபது பேரு வருவாவ."

"சரி. எந்த இடம்?"

இடத்தைச் சொன்னாவ. அப்பா வெத்தலையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ரூபாயை மட்டும் தட்டுலயே திருப்பி வச்சாரு. "பிள்ளைக படிக்கிற இடம். அங்க நான் கூலி வாங்க மாட்டேன். வெத்தலை போதும், வந்துருதேன்."

டீச்சருக்கு மனசு குளுந்து போச்சு. என்ன பெருந்தன்மை பாருன்னு கும்பிட்டுட்டு, குடையை எடுத்துக்கிட்டு, அதே வேகத்துல போயிட்டாவ. கூலின்னு அவரு சொன்ன வார்த்தை அவங்க காதுல விழவே இல்ல.

கதவுக்குப் பின்னால நான் நிக்கேன். எனக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு. சமையல்காரர் மகளுக்குத் தெரியாதா? விருந்துக்குக் கூப்பிட்டா, எந்த மனுசனும் எத்தனை பேருன்னு கேக்க மாட்டான். ஊருக்கெல்லாம் லெட்டர் போயிருக்கு, எங்கப்பாவுக்கு மட்டும் வெத்தலை வந்திருக்கு. வெத்தலை மட்டும் வந்தா அவருக்கு ஒரே அர்த்தம்தான், சமையலுக்கு அச்சாரம்.

அம்மாவுக்கும் சந்தேகம். "சாமான் சிட்டை கேக்கல, என்ன சமையல்னு சொல்லல. இது சமையல் வெத்தலையா, விருந்து வெத்தலையா?"

அப்பா சட்டுவத்தை மறுபடி மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு. "நமக்கு யாருட்டி விருந்து வெத்தலை வைப்பா?"

அதைக் கோவமாச் சொன்னாருன்னா நான் தாங்கியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தா லெட்டர் வெளிய வரும், ஏன் ஒளிச்சேன்னு கேள்வி வரும். நான் போயிப் படுத்துக்கிட்டேன். வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் எனக்குச் சோறு இறங்கல. முகாமுக்குப் போற சந்தோசத்துல பிள்ளை சாப்பிட மாட்டேங்கான்னு அப்பா அம்மாகிட்ட பெருமையாச் சொல்லுதாரு.

ஞாயித்துக்கிழமை காலையில நாமெல்லாம் வேன்ல போனோமே, மேலகரம் தாண்டினதும் சாரல் முகத்துல அடிச்சுதே, அப்போ நீங்க பாடிக்கிட்டு வந்தீங்க. நான் பாடல. தோப்பு வாசல்ல இறங்கும்போதே பெருங்காய வாசம் வந்துட்டு. மாமரத்துக்கு அடியில மூணு கல் கூட்டி அடுப்பு, அண்டாவுல பருப்பு பாதி வெந்து நுரைச்சுக்கிட்டு இருக்கு. அவரு கைக்காசுல வாங்கிட்டு வந்த காயை வாழையிலையில நறுக்கிக் குவிச்சாச்சு, அவியலுக்குத் தனி, சாம்பாருக்குத் தனி. கூட வேலை பாக்குற அண்ணன்மார் ரெண்டு பேரு, ஒருத்தரு தேங்காய் துருவுதாரு, இன்னொருத்தரு கம்பை வச்சுக் குரங்கை விரட்டுதாரு. அப்பா சட்டையில்லாம, மஞ்சக் கறை வேட்டியோட, இடுப்புல துண்டு.

நீங்க "அய்! சொதி!"ன்னு கத்தினீங்க. டீச்சர் அப்படியே நின்னுட்டாவ. நாமளே தனியா சமைக்கணும், அதை வந்தவங்க சாப்பிடணும், அதைப் பாத்துட்டுத்தான் படையை ஒத்துக்கிடுறதுன்னு ஆணையரம்மா சொல்லியிருக்காவ. பத்து மணிக்கு அவங்க வருவாவ. இங்க பாத்தா ஊரறிஞ்ச சமையல்காரர் அடுப்பை மூட்டி உக்காந்திருக்காரு. டீச்சர் அப்பாவைப் பாத்தாவ, அடுப்பைப் பாத்தாவ, அப்புறம் திரும்பி என்னையப் பாத்தாவ.

"மக்களே, அந்த லெட்டரை நீ அப்பாட்ட குடுத்தியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லன்னு.

டீச்சர் திட்டல. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாவ. "அப்ப நீயே போய்ச் சொல்லு"ன்னாவ.

அந்த மாமரம் ஒரு இருபது அடி தூரம் இருக்கும். இன்னைக்கு வரைக்கும் நான் நடந்ததுலயே ரொம்ப தூரம் அதுதான்.

"எப்பா, இன்னைக்கு நாங்கதான் சமைக்கணும்."

"நீங்களா? அறுபது பேருக்கா?" அவருக்குச் சிரிப்பு. "விளையாடாத. தள்ளி நில்லு, பொறி தெறிக்கும்."

"நெசமாப்பா. நாங்க ஆக்குனாத்தான் எங்களுக்கு ஸ்கார்ப்."

அவரு கரண்டியை நிறுத்தினாரு. "அப்ப டீச்சரம்மா என்னைய எதுக்கு வெத்தலை வச்சுக் கூப்பிட்டாவ?"

"சாப்பிட."

"சாப்பிடவா?"

"சாப்பிடவும், எனக்கு ஸ்கார்ப் கட்டவும். எல்லார் வீட்டுக்கும் லெட்டர் குடுத்தாவப்பா. நமக்கும் வந்துச்சு. நான்தான் தரல."

"ஏன்?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்துச்சு. ஆனா அவரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒண்ணும் வரல. "நீங்க சமைக்க வந்துருவீங்கன்னுதான்பா"ன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும்தான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. அழுதுட்டேன்.

அப்பா அந்த நுரையைப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு, எரியுற விறகை ஒவ்வொண்ணா வெளிய இழுத்து மண்ணுல போட்டாரு.

"அண்ணாச்சி, பருப்பு பாதிதான் வெந்திருக்கு"ன்னு தேங்காய் துருவின அண்ணன் பதறுதாரு.

"இறக்குலே. இது நம்ம அடுப்பு இல்ல."

டீச்சர் ஓடி வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "அண்ணாச்சி, என்னைத் தப்பா நினைக்கப்பிடாது, எனக்கு இந்த ஊரு முறை..."ன்னு ஆரம்பிச்சாவ. அப்பா அவங்களை முடிக்க விடல. "தப்பு உங்க மேல இல்ல டீச்சரம்மா. நான் வெத்தலையை எடுக்குற கையே அப்படிப் பழகிட்டு"ன்னாரு. அப்புறம் அண்ணன்மாரைப் பாத்து, "வாங்கலே, அருவியில குளிச்சுட்டு வருவோம். இன்னைக்கு நமக்கும் இலை போடுதாவ"ன்னாரு. அந்தப் பாதி வெந்த பருப்பும் நறுக்கின காயும் தோப்புக் காவல்காரர் பெண்சாதி கைக்குப் போச்சு. அன்னைக்குக் குத்தாலத்துல நல்ல சாம்பார் அவ வீட்டுல மட்டும்தான்.

நம்ம சமையலை நான் சொல்லணுமா? விறகெல்லாம் ஈரம். நாலு பேரு ஊதி நாலு பேரு இருமினோம். கூட்டாஞ்சோத்துக்கு ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஒரு காய், ஒரு கை அரிசி. ஒரு வீட்டு அரிசி புதுசு, ஒரு வீட்டு அரிசி பழசு, ஒரு வீட்டுது புழுங்கல். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டோம். முருங்கைக்கீரை உருவுறதுக்குள்ள குரங்கு ஒண்ணு வந்து வாழைக்காயைத் தூக்கிட்டுப் போயி, மரத்து மேல உக்காந்து கடிச்சுப் பாத்துட்டு நம்ம மேலயே எறிஞ்சுது.

பதினோரு மணிக்குக் குடும்பமெல்லாம் வந்து இறங்கிச்சு. தலையில எண்ணெய், கையில துண்டு, எல்லாருக்கும் அருவியில நின்னு சிவந்த கண்ணு. அம்மா மஞ்சப்பையோட வந்தா. பைக்குள்ள அப்பாவோட வெள்ளைச் சட்டையும் சலவை வேட்டியும் இருந்துச்சு. "எனக்கு அன்னைக்கே தோணுச்சு, மனுசன் காதுல வாங்குனாத்தானே"ன்னு முணுமுணுத்துக்கிட்டே சட்டையை உதறிக் குடுத்தா.

அப்பா நாற்காலியில உக்காந்தாரு. ஜவுளிக்கடைக்காரர் ஒரு பக்கம், லாரி ஷெட்டுக்காரர் ஒரு பக்கம். அடுப்பை விட்டுட்டு ஓரக் கண்ணால நான் அவரையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நாம காய் வேகுறதுக்கு முன்னாலேயே புளியைக் கரைச்சு ஊத்தினோம் பாருங்க, அப்போ அவரு பாதி எந்திரிச்சுட்டாரு. புளி விழுந்தா அப்புறம் காய் வேகாது, அது அவருக்குத் தெரியும். அம்மா சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல. அந்த மனுசன் வாழ்க்கையில செஞ்ச பெரிய தியாகம் அதுதான்னு இப்போ நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது.

ஸ்கார்ப் கட்டுறதுக்கு ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாவ. என் பேரு வந்ததும் அப்பா வேகமா எந்திரிச்சு வந்தாரு. குளிச்சும் கையில பெருங்காய வாசம் போகல. ஸ்கார்ப்பைக் கழுத்துல போட்டு, அதுல மாட்டுற வளையத்தை எப்படி மேல தள்ளுறதுன்னு தெரியாம என் மூஞ்சிகிட்ட குனிஞ்சாரு.

"அந்த லெட்டர் இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. மேப் நோட்டுல."

"வீட்டுல போயித் தா. படிக்கணும்."

அவ்வளவுதான் கேட்டாரு. வேற எதையும் அன்னைக்கும் கேக்கல, பிறகும் கேக்கல.

அப்புறம் பந்தி. தோப்புக்குள்ள பாய் விரிச்சு, வரிசையா இலை போட்டு, பெரியவங்களை உக்கார வச்சோம். அப்பா பழக்க தோஷத்துல பந்திக்குப் பின்னால போயி, கையைக் கட்டிக்கிட்டு, எந்த இலையில என்ன குறையுதுன்னு பாக்க ஆரம்பிச்சுட்டாரு. ஜவுளிக்கடைக்காரர்தான் பக்கத்து இலையைத் தட்டி, "அண்ணாச்சி, இங்கன உக்காருங்க"ன்னாரு. அவரு உக்காந்தாரு. அந்த அண்ணன்மார் ரெண்டு பேரும் அவருக்கு அடுத்தாப்புல உக்காந்தாங்க. வாளியைத் தூக்கிக்கிட்டு நான்தான் அந்த வரிசைக்குப் பரிமாறினேன்.

சோத்தோட லெட்சணம் உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் குழைஞ்சு போச்சு, ஒரு பக்கம் நறுக்கு நறுக்குன்னு அரிசி. கொத்தவரங்காய் கடிபடல. உப்பு காணாது. அடிப்பிடிச்ச வாசம் வேற. ஆளுக்கு ஒரு வாய் வச்சுட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்காங்க. ஆணையரம்மா நோட்டும் பேனாவுமா பந்தி நெடுக நடக்காவ. எங்க அம்மா தவிர மத்த எல்லா அம்மாமாரும் 'எதுக்கும் இருக்கட்டும்'னு புளிச்சோத்துப் பொட்டலம் கட்டிட்டு வந்திருக்காங்க, எல்லாம் முந்தானைக்குள்ள இருக்கு. அதுல ஒரு பொட்டலம் பிரியுற சத்தம் எனக்குக் கேட்டுது. ஒண்ணு பிரிஞ்சா எல்லாம் பிரியும். டீச்சர் விசிலைப் பிடிச்சுக்கிட்டு மரத்தோட மரமா நிக்காவ.

"ஏட்டி, இங்க இன்னும் கொஞ்சம் போடு."

எங்கப்பா குரல். ஆக்குப்புரையிலேருந்து மண்டபம் முழுக்கக் கேக்குமே, அந்தக் குரல். அவரு இலையைப் பாத்தேன். காலி.

பந்தியே திரும்பிப் பாத்துச்சு. லாரி ஷெட்டுக்காரர் குனிஞ்சு அந்த இலையைப் பாத்துட்டு, "ஊருக்கே ஆக்கிப் போடுத மனுசன் கேட்டு வாங்குதாரு, அப்ப என்னமோ இருக்கும்"னு தன் இலையையும் வழிச்சாரு. ஜவுளிக்கடைக்காரர் அப்பளத்தை நொறுக்கிப் பிசைஞ்சாரு. பொட்டலம் பிரிஞ்ச சத்தம் நின்னு போச்சு. அப்பா மூணு தடவை கேட்டு வாங்கினாரு. மூணாவது தடவை "அந்த அடிப்பிடிச்சது இருந்தா அதையும் போடு, அதுலதான் ருசி"ன்னாரு. அது மட்டும் பச்சைப் பொய். கல்யாண வீட்டுல யாராவது அடிப்பிடிக்க விட்டா, கரண்டியைத் தூக்கி எறியுற மனுசன் அவரு. ஆணையரம்மா நோட்டுல என்ன எழுதினாவன்னு எனக்குத் தெரியாது. ஆனா நோட்டை மூடிட்டு, "எனக்கும் ஒரு இலை போடுங்க"ன்னு உக்காந்துட்டாவ. டீச்சர் அந்தப் பக்கமாத் திரும்பி முந்தானையால கண்ணைத் துடைச்சாவ.

அந்த வருஷம் நம்ம படை நின்னுது. அதுக்கப்புறம் எந்த முகாமுக்கும் எந்த வீடும் மாட்டேன்னு சொல்லல. அது எப்படி நடந்துதுன்னு அந்தச் சின்ன டீச்சருக்கு நீங்க என்ன வேணாலும் எழுதுங்க. நான் எழுதப் போறது ஒரே ஒரு வரிதான்: வாறவங்கள்ட்ட என்ன வேலை வாங்கலாம்னு பாக்காதே தாயி, முதல்ல உக்கார வச்சுச் சாப்பாடு போடு.

பந்தி எந்திரிச்சுது. எல்லாரும் இலையை மடக்கி வச்சுட்டு, கை கழுவப் போறாங்க. அப்பா மட்டும் தன் இலையைச் சுருட்டிக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. கூடவே அந்தப் பக்கத்து ரெண்டு இலையையும் எடுக்கக் குனிஞ்சாரு.

"எப்பா, இலையை வைங்க. அதை நான் எடுப்பேன்."

அவரு அந்த எச்சில் இலையைக் கையில வச்சுக்கிட்டு, என்ன செய்யன்னு தெரியாம என்னையப் பாத்தாரு. அப்புறம் மெதுவாக் குனிஞ்சு, இருந்த இடத்துலயே அதைத் திருப்பி வச்சாரு. போயி வரிசையில நின்னாரு, ஜவுளிக்கடைக்காரருக்குப் பின்னால, லாரி ஷெட்டுக்காரருக்கு முன்னால, கை கழுவ.